மஞ்சள் விற்ற காசும் இரண்டு வருடப் படிப்பும்

2022-இல் ஒரு நாள், ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டில் ஏலம் முடிந்து எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்து, கிழங்கைக் கையில் உருட்டிப் பார்த்து, விலை குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். குவிண்டால் ஏழாயிரத்துச் சொச்சம். கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஏழு குவிண்டால் கொண்டுவந்திருந்த விவசாயி ஒருவர், தன் எடைச் சீட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், லேப்டாப், போக்குவரத்து. கீழே கோடு போட்டு 8 லட்சம்.

"ஏனுங்க, பாப்பா பி.எஸ்சி. அக்ரி முடிச்சிருச்சுங்க. எம்.பி.ஏ. அக்ரி பிசினஸ் சீட்டு கெடைச்சிருக்குது. ரெண்டு வருசத்துக்கு எட்டு லட்சம் ஆகுதுங்க. போட்டா திரும்ப வருமுங்களா?"

அந்த ஏழு குவிண்டால், விலை ஏறட்டும் என்று இரண்டு வருடமாகக் குடோனில் போட்டு வைத்திருந்த சரக்கு. ஏன் இப்போது விற்கிறார் என்று கேட்டேன். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை வேண்டும் என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்கள். காட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு மனமில்லை. ஏழரை லட்சத்தோடு கடனை நிறுத்திக்கொண்டு, மீதி 50,000 ரூபாய்க்கு மஞ்சளை எடுத்துவிட்டார். 2024-இன் தொடக்கத்தில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 20,000 ரூபாயைத் தாண்டியபோது அந்த ஏழு குவிண்டால்தான் என் நினைவுக்கு வந்தது.

வேளாண் பொருளாதாரம் பற்றி எழுதுகிறவன் என்பதால்தான் என்னிடம் கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வேளாண் வணிக மேலாண்மை என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இந்தியாவில் பல பெயர்களில் இருக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பந்த்நகரிலும் அது எம்.பி.ஏ. பட்டம். ஹைதராபாத்திலுள்ள மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தில் 1996 முதல் முதுநிலை டிப்ளமோ. ஜெய்ப்பூரின் தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் நிறுவனத்திலும் புணேயின் வைகுந்த மேத்தா கூட்டுறவு மேலாண்மை நிறுவனத்திலும் இதே வகைப் படிப்பு உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம். 2000-இலும் லக்னோ ஐ.ஐ.எம். 2004-இலும் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கின. இவை போக, தனியார் கல்லூரிகள் பல.

இந்தப் படிப்புகளின் வேர் ஆனந்தில் இருக்கிறது. பால் கூட்டுறவுகளைக் கட்டி எழுப்பிய வர்கீஸ் குரியன் 1979-இல் அங்கே இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனத்தை நிறுவியதற்குத் தெளிவான காரணம் இருந்தது. விவசாயிகளுக்குச் சொந்தமான நிறுவனத்தை நடத்த, தனியார் கம்பெனி மேலாளருக்கு இணையான தேர்ச்சி உள்ள ஆட்கள் வேண்டும். அவர்கள் விவசாயியிடம் சம்பளம் வாங்கி விவசாயிக்காக வேலை செய்ய வேண்டும். 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இர்மா திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. படித்து வெளியே வருபவர் யாரிடம் போய் வேலை செய்கிறார் என்ற பழைய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. என் பார்வையில், செலவையும் பலனையும் எடைபோடும்போது கடைசியில் வந்து முட்டும் இடமும் அதுதான்.

முதலில் அந்தப் பென்சில் கணக்கு. அதில் இரண்டு வரிகள் விட்டுப்போயிருந்தன.

ஒன்று, வட்டி. ஏழரை லட்சம் கடன், வருடத்துக்குப் பாதியாக எடுக்கிறார்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருடம் முடியும்போது சாதாரண வட்டியே 1,87,500 ரூபாய். அசலோடு சேர்ந்து கடன் 9,37,500 ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 12,389 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 14.87 லட்சத்தை ஒட்டி வரும். வாங்கியதைப்போல இரண்டு மடங்கு.

இரண்டாவது, சம்பாதிக்காமல் விட்ட பணம். வேளாண் பட்டம் முடித்தவர் அந்த இரண்டு வருடமும் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை. விதை கம்பெனியிலோ பூச்சிமருந்து கம்பெனியிலோ கள அலுவலராக மாதம் 25,000 ரூபாய்க்குச் சேர்ந்து, அடுத்த வருடம் 10 சதவீதம் உயர்வு பெற்றால், இரண்டு வருடத்தில் 6.3 லட்சம். படிப்புச் செலவையும் இதையும் வட்டியோடு கூட்டினால், பட்டம் வாங்கும் நாளில் அந்தப் பட்டத்தின் விலை 16 லட்சம். வேலைக்குப் போயிருந்தாலும் வெளியூரில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவு இருந்திருக்கும். அதைக் கழித்துவிட்டாலும் 14 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

8 லட்சம் என்று எழுதிய சீட்டில் 14 லட்சம் என்று எழுதினால் அப்பாக்கள் பயந்துபோவார்கள். அதற்காக மறைத்துவிட முடியாது. நடவுக்கு முன் விதைச்செலவோடு குத்தகையையும் கூலியையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள்தானே அவர்கள்.

இனி பலன். அந்த இரண்டு வருடமும் வேலை பார்த்திருந்தால் மூன்றாம் வருடம் சம்பளம் 30,250 ரூபாய். எம்.பி.ஏ. முடித்தவருக்குக் கைக்கு 50,000 வருகிறது என்றால், மாத வித்தியாசம் சுமார் 20,000, வருடத்துக்கு 2.4 லட்சம். அந்த வித்தியாசம் வருடாவருடம் 10 சதவீதம் வளர்ந்தால் போட்ட பணம் ஆறு வருடத்தில் திரும்பும். வளராமல் அப்படியே நின்றால், வட்டியையும் கணக்கில் எடுக்கும்போது ஒன்பது வருடம் தாண்டும். 21 வயதில் சேர்ந்து 23-இல் முடிக்கும் பெண் அந்தச் செலவிலிருந்து மீளும்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும். அதன்பிறகு வருவதெல்லாம் லாபம். நாற்பது வருட உழைப்புக் காலத்தில் இது மோசமான முதலீடில்லை.

வித்தியாசம் 20,000-க்குப் பதில் 10,000 ஆனால் கதையே வேறு. வருடத்துக்கு 1.2 லட்சம்தான் கூடுதலாக வரும். 14 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியோ 1.4 லட்சம். சம்பள வித்தியாசம் வளராவிட்டால் பட்டம் தன் வட்டியைக்கூடக் கட்டாது. பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடுக்கில்தான் பெரும்பாலான குடும்பங்களின் முடிவு மாட்டிக்கொண்டு இருக்கிறது. கல்லூரி விளம்பரத்தில் அந்த இடுக்கு கண்ணுக்குத் தெரியாது.

தெரியாமல் போவதற்குக் காரணம், சம்பளம் அங்கே சொல்லப்படும் விதம். 'ஆண்டுக்கு 8 லட்சம்' என்று ஒரு வேலை வந்தால், பன்னிரண்டால் வகுத்து மாதம் 66,000 என்று வீட்டில் எண்ணிக்கொள்கிறோம். அந்த 8 லட்சத்துக்குள் டார்கெட்டை எட்டினால் மட்டும் கிடைக்கும் பங்கு இருக்கிறது. கம்பெனி தன் தரப்பில் கட்டும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுத் தொகை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இவை கழிந்து கைக்கு வருவது 50,000-ஐ ஒட்டித்தான். இதே கழிவுகளோடு 6 லட்சம் என்ற வேலையைப் பார்த்தால் கைக்கு வருவது 36,000, 37,000. படிக்காமலேயே கிடைத்திருக்கக்கூடிய 30,250-லிருந்து அது எவ்வளவு தூரம்? ஆக, இந்த 8 லட்ச ரூபாய்ப் படிப்புக்கு, விளம்பரத்தில் 8 என்று போட்டிருந்தால் கணக்கு நேராகும். 6 என்று போட்டிருந்தால் நேராகாது. இரண்டுமே காகிதத்தில் நல்ல சம்பளமாகத்தான் தெரியும்.

சராசரி என்ற எண்ணும் ஆளைக் கவிழ்க்கும். நாற்பது பேர் வகுப்பில் மூவருக்கு 18 லட்சம் கிடைத்துவிட்டால் சராசரி எழும்பி நிற்கும். நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்பது அதில் வராது. கேட்க வேண்டியது நடு எண்ணை. பட்டியலில் இருபதாவதாக நிற்பவரின் சம்பளம் என்ன, எத்தனை பேர் வேலை கேட்டுப் பதிந்தார்கள், எத்தனை பேருக்கு வளாகத்திலேயே கிடைத்தது? நிலையான சம்பளத்தையும் மாறும் சம்பளத்தையும் பிரித்துக் காட்டி, குறைந்தது, நடு எண், அதிகபட்சம் மூன்றையும் வெளியிடும் தரநிலை ஒன்றை அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்கையெடுத்து உருவாக்கியது. எல்லாக் கல்லூரிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. அப்படிப் பிரித்துக் காட்டாத கல்லூரியில் கடன் வாங்கிச் சேரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உச்சியிலிருக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அகமதாபாத்தில் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் அங்கே படித்தவர்களுக்குத் திறக்கும் கதவுகள் வேளாண்மைக்கு வெளியேயும் இருக்கின்றன. அங்கே வாங்குவதில் பாதி அந்தப் பெயர். அந்த இடம் கிடைத்தவர்கள் என் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது நடுத்தரக் கல்லூரியில் ஏழெட்டு லட்சம் கொடுத்துச் சேர்பவர்களைப் பற்றி.

சேர்ந்தபின் கிடைக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்காமல் பலனை எடைபோட முடியாது. பூச்சிமருந்து கம்பெனியில் பயிற்சி மேலாளராகச் சேரும் எம்.பி.ஏ.வுக்கு முதல் வருடம் ஒரு பைக், நான்கைந்து தாலுகா, அறுபது எழுபது டீலர் கடைகள். காலையில் வயல், மதியம் கடை, இரவில் அவுட்ஸ்டாண்டிங் பட்டியல். மார்ச் 31-க்குள் சரக்கை டீலர் குடோனில் இறக்கி பில் போட்டாக வேண்டும். விற்காத சரக்கு ஜூன் ஜூலையில் திரும்பி வரும். அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. இதற்கு எதற்கு எம்.பி.ஏ. என்று முதல் வருடத்தில் கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. பட்டத்தின் உதவி நான்காவது ஐந்தாவது வருடத்தில், பகுதி மேலாளராக உயரும் இடத்தில் தெரிய ஆரம்பிக்கிறது. அதுவரை தாக்குப்பிடிக்காமல் வெளியேறுபவருக்குப் போட்ட பணம் திரும்புவதில்லை.

பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. வேளாண் கல்லூரிகளில் இன்று மாணவியர் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் வெறும் பி.எஸ்சி.யோடு கள விற்பனை வேலைக்குப் போனால் 'பைக்கில் ஊர் ஊராக அலைய முடியுமா?' என்ற கேள்வியிலேயே நேர்காணல் முடிந்துவிடுகிறது. எம்.பி.ஏ. இருந்தால் கொள்முதல், தரக் கட்டுப்பாடு, சந்தை ஆய்வு, வேளாண் கடன் போன்ற பிரிவுகளின் கதவு திறக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒப்பீடு 30,250-க்கும் 50,000-க்கும் இடையே இல்லாமல், ஒன்றுமில்லாமைக்கும் 50,000-க்கும் இடையே ஆகிவிடுவதும் உண்டு. பாகுபாடு ஒரு பட்டத்தின் மதிப்பை ஏற்றிவிடுவது நல்ல செய்தியில்லை. ஆனால் கொடுமுடிப் பெண்ணுக்கு முடிவு எடுக்க உட்கார்ந்தபோது இதைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

அதே இரண்டு வருடத்தை வேறு எதற்குக் கொடுக்கலாம்? பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு நான்கு வருட வேளாண் பட்டமே போதும், எம்.பி.ஏ. கேட்பதில்லை. அடிப்படைச் சம்பளம் மட்டும் 48,480 ரூபாயில் தொடங்குகிறது; படிகள் தனி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் அந்தப் பட்டமே போதும். போட்டி கடுமை, இரண்டு வருடம் படித்தும் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த இரண்டு வருடத்தின் செலவு பயிற்சிக் கட்டணமும் புத்தகமும்தான். கொடுமுடிப் பெண்ணின் வகுப்புத் தோழி ஒருத்தி இந்த வழியில் போய் இன்று வங்கியில் இருக்கிறாள். அரசு வேலையோ வங்கி வேலையோதான் இலக்கு என்றால், அதற்கு நடுவில் எம்.பி.ஏ. ஒரு சுற்றுவழி.

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவருக்கும் நேர்வழி இருக்கிறது. 2002-இல் தொடங்கிய வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில் வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் தங்கிப் பயிலும் பயிற்சி இலவசம். தனிநபர் 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் வாங்கினால் 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம். உரக்கடைக் குடும்பத்துப் பிள்ளைக்கு, இடுபொருள் விற்பனையாளர்களுக்கான ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது; 48 வாரம், வாரம் ஒருநாள், கடை விடுமுறை நாளில் வகுப்பு. 45 நாளில் இரண்டு வருடப் படிப்பின் ஆழம் வந்துவிடாது. திட்ட அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேங்க் மேனேஜர் எதிரில் உட்காரும் தெம்பு தனியாக வரவேண்டும். ஆனாலும் மண்ணுக்கே திரும்புவேன் என்று உறுதியாக இருக்கும் பட்டதாரி, எட்டு லட்சத்தைக் கட்டணமாகக் கொடுப்பதைவிட அதையே முதலாக வைத்துத் தொடங்குவது மேல்.

அப்படியானால் அந்தப் படிப்பில் விலைபெறும் சரக்கு எது? நான் பேசிய பட்டதாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நடைமுறை மூலதனம். சரக்கு வாங்கப் போட்ட ரூபாய் எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்று பார்க்கும் கண். விவசாயிக்குச் சாகுபடிச் செலவு தெரியும், மகசூல் தெரியும். பணம் எத்தனை நாள் எங்கே தூங்குகிறது என்பதை அவர் எழுதிவைப்பதில்லை. இரண்டு வருடம் குடோனில் கிடந்த அந்த ஏழு குவிண்டால் மஞ்சளும் தூங்கிய பணம்தான். அதை எழுப்பிய நேரம்தான் தவறிப்போனது.

அந்தக் கண் எங்கே அதிகம் தேவைப்படுகிறது என்று பார்த்தால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில். 2002-இல் நிறுமச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுமம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2020 பிப்ரவரியில் 10,000 நிறுவனங்களை உருவாக்க 6,865 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் பத்தாயிரமாவது நிறுவனமும் தொடங்கப்பட்டுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வருட நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 18 லட்சம். அதற்குள் முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை, கணக்காளருக்கு 10,000 வரை என்று வழிகாட்டு நெறியிலேயே எழுதியிருந்தார்கள்.

ஒரு நிறுவனத்தின் வரவு செலவைக் கிட்டே போய்ப் பார்ப்போம். உறுப்பினர் ஆயிரம் பேர், தலைக்கு ஆயிரம் ரூபாய் பங்குத்தொகை என்றால் 10 லட்சம். அதற்கு இணையாக அரசின் பங்கு மானியம் இன்னொரு 10 லட்சம். ஆக 20 லட்சம். மஞ்சள் குவிண்டால் 10,000 என்று வைத்தால் 200 குவிண்டால், அதாவது 20 டன். ஆயிரம் குடும்பங்களின் கம்பெனி, ஒன்றோ இரண்டோ லாரி மஞ்சள் வாங்கியதும் கையிருப்பு காலி. சரக்கு விற்றுப் பணம் வரும்வரை அடுத்த விவசாயியிடம் வாங்க முடியாது. அவர் காத்திருக்க மாட்டார். பழைய மண்டிக்கே போவார். அந்த 20 லட்சத்தை வருடத்துக்குப் பத்துமுறை சுழற்றும் சாமர்த்தியம் இருந்தால் 2 கோடி விற்றுமுதல். செலவு போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்றால் 4 லட்சம். அலுவலர், கணக்காளர் இருவரின் ஒரு வருடச் சம்பளம் 4.2 லட்சம். வாடகையும் மின்கட்டணமும் இன்னும் சேரவில்லை. மானியம் நிற்கும் நான்காம் வருடம் கதவு ஏன் சாத்துகிறது என்பதற்கு விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

இதிலிருந்து வெளியேற வழி உண்டு. பாலீஷ் போட்டு, தரம் பிரித்து, பொடியாக்கி விற்றால் மிச்சம் கூடும். 2 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாத வசதியும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கடன் விண்ணப்பம் எழுத, வாங்குபவரோடு ஒப்பந்தம் பேச, ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிவு என்று கறாராக நிற்க ஆள் வேண்டும். வேளாண் வணிகம் படித்தவர்தான் அந்த ஆள். அவர் வீட்டு வரவு செலவு என்ன சொல்கிறது? சம்பளம் 25,000. கடன் தவணை 12,389. மிச்சம் 12,611. 2018-19-இல் தேசிய மாதிரி ஆய்வு கண்ட ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். இரண்டு வருடம் கூடப் படித்து, கடன் தலையில் ஏறி, விவசாயிகளின் கம்பெனியை நடத்த வருபவருக்கு மிஞ்சுவது அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். யாரும் வரமாட்டார்கள், வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. குரியன் யாருக்காகத் தொடங்கினாரோ அவர்களுக்கு எட்டாத விலைக்கு இந்தப் படிப்பு போய்விட்டது. கட்டணத்தை நிர்ணயிக்கும்போதே, படித்தவர் யாருக்கு வேலை செய்வார் என்பதையும் நிர்ணயித்துவிடுகிறோம்.

அரசு கொடுக்கும் வட்டிச் சலுகைகள் உதவுகின்றன; இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்பவர்களுக்குப் பிணையில்லாக் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம். பிணை கேட்காதது பெரிய ஆறுதல். 2022-இல் இது இருந்து, அவள் சேர்ந்த கல்லூரியும் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், அந்த ஏழு குவிண்டால் குடோனிலேயே இருந்திருக்கும். ஆனால் நான் போட்ட கணக்கில் அந்த வட்டி மானியம் மாதத் தவணையை 12,389-லிருந்து 11,646-ஆகக் குறைக்கிறது. 743 ரூபாய். எந்தப் பட்டதாரியையும் கொடுமுடிக்குத் திருப்பிக் கொண்டுவர 743 ரூபாயால் ஆகாது. கட்டிய வட்டிக்கு வருமான வரிச் சட்டம் தரும் கழிவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

தவணையையே அரசு ஏற்றுக்கொண்டால்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒருவர் பணியாற்றும் மூன்று வருடத்துக்கும் அவருடைய கல்விக் கடன் தவணையை நேராக வங்கிக்குக் கட்டுவது. ஒருவருக்கு 4.46 லட்சம். பத்தாயிரம் நிறுவனத்துக்கும் ஒருவர் என்று கொடுத்தாலும் 446 கோடி. ஏற்கெனவே ஒதுக்கிய 6,865 கோடியில் நூற்றுக்கு ஆறரை. கடினமான இடங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் கொடுத்த நாடு இது. மருத்துவர் இல்லாத ஊரை நாம் உடனே உணர்ந்துகொண்டோம். கணக்குப் பார்க்க ஆளில்லாமல் சாத்திக்கிடக்கும் விவசாயிகளின் கம்பெனியை அதே கண்ணால் பார்க்க இன்னும் பழகவில்லை.

அந்தப் பெண் 2022-இல் சேர்ந்து 2024-இல் முடித்தாள். இப்போது நிசாமாபாத்தில் மசாலா நிறுவனம் ஒன்றில் மஞ்சள் கொள்முதல் அலுவலர். கைக்கு 48,000 ரூபாய் வருகிறது. என் கணக்கின்படி அவள் அந்த இடுக்கைத் தாண்டி நல்ல பக்கத்தில் நிற்கிறாள். அப்பாவின் கேள்விக்கு மேலே போட்ட கணக்கில் நான் சேர்க்காமல் விட்ட வரவு ஒன்றும் இருக்கிறது. ஏலத்துக்குக் கிளம்பும் முன் காலையில் அவர் போன் போடுவார்: "பாப்பா, அங்க இன்னைக்கு என்ன விலை போகுது?" நிசாமாபாத் விலை தெரிந்தபின்தான் ஈரோட்டுக்கு வண்டி ஏற்றுகிறார். முன்பு வியாபாரிக்கு மட்டும் தெரிந்த விலை இப்போது அவருக்கும் தெரிகிறது.

போன மாதம் அவளிடம் பேசினேன். ஊர்ப்பக்கத்து உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று முதன்மைச் செயல் அலுவலர் தேடுகிறது, மூன்று வருட மானியம் முடிந்துவிட்டதால் சம்பளம் கூட்டித்தர வழியில்லை என்று அவளுக்கும் தகவல் போயிருக்கிறது. பாலீஷ் மிஷின் எங்கே போடலாம், எந்த மாதத்தில் எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று அவளாகவே பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது வரமுடியும் என்று கேட்டேன்.

"லோன் 2035-ல முடியுதுங்க சார்" என்றாள்.